மரப்பேனாவில் அலங்கார வேலை: வளையம், கெல்டிக் முடிச்சு, தீக்கோடு. எங்கே தப்பு செய்கிறேன்?

மரத்தூள்

எட்டு மாதமாகப் பேனா கடைகிறேன். எல்லாமே ஸ்லிம்லைன் கிட்தான் (மெல்லிய பேனாவுக்கான உலோக பாகங்களின் பொதி), மரக்கட்டையைத் துளைத்து உள்ளே ஒட்டுகிற 7 மி.மீ. பித்தளைக் குழாய். ஈட்டி, தேக்கு, ஆலிவ் என்று முப்பது பேனா தாண்டிவிட்டது. கை ஓரளவு பழகியாயிற்று, ஆனால் எல்லாம் வெறும் மரம். கையில் வாங்குகிறவர்கள் "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு உடனே முனை வெளியே வருகிறதா என்று திருகிப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

போன வாரம் துணிந்து ஒரு மேப்பிள் கட்டையை நடுவில் அறுத்து, ஈட்டித் துண்டு ஒன்றை வளையமாக வைத்து சூப்பர் க்ளூவில் ஒட்டினேன். துளை போடும்போதே ஓர் ஒட்டு விட்டுவிட்டது. மறுபடி ஒட்டினேன். கடைந்து உப்புத்தாள் போட்டதும் வளையத்தின் இரண்டு பக்கமும் மேப்பிள், கரிக் கையால் தடவியது போல அழுக்காகிவிட்டது. பாலிஷ் எல்லாம் போட்டு வெளிச்சத்தில் பிடித்தால் ஒட்டிய கோட்டுக்குள் மஞ்சளாக ஏதோ மினுங்குகிறது.

உண்மையில் ஆசை, மரத்தில் பட்டைகள் பின்னி ஓடுவது போலத் தெரிகிற கெல்டிக் முடிச்சின் மேல். ஒரு வளையமே இப்படி என்றால் அதற்கு எப்போது போவது?


உளிமுனை

மினுங்குவது பித்தளைக் குழாய். மற்ற இரண்டு குறையும் அதோடு சேர்ந்ததுதான், சொல்கிறேன்.

உங்கள் பேனாவின் ஓரத்தை ஒரு தடவை அளந்து பாருங்கள். குழாயின் வெளிவிட்டம் 7 மி.மீ. புஷ்ஷிங் (கடையும்போது அளவு காட்ட இரு முனையிலும் மாட்டுகிற எஃகு வளையம்) இருக்கிற ஓரத்தில் முடிந்த பேனா ஏறத்தாழ 8.4 மி.மீ. இரண்டுக்கும் நடுவே உள்ள 1.4-ஐ இரு பக்கத்துக்கும் பங்கிட்டால் மரம் 0.7 மி.மீ. அவ்வளவுதான். வயிற்றுப் பகுதியைக் கொஞ்சம் தடிமனாக விட்டு 10 மி.மீ. வைத்தாலும் 1.5 மி.மீ. நாம் மரப்பேனா என்று சொல்கிறோமே, அது பித்தளைக்குப் போர்த்திய மரத்தோல். மேசைக்கால் கடைகிறவருக்கு உள்ளே எவ்வளவோ மரம் இருக்கிறது; ஒரு தப்பை அடுத்த மில்லிமீட்டரில் கடைந்து எறிந்துவிடலாம். நமக்கு அந்த மில்லிமீட்டரே கிடையாது. பேனாவில் எந்த அலங்காரம் செய்வதானாலும் இந்த 0.7-க்குள் அது பிழைக்குமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒட்டு விட்டதற்கு வருவோம். நேராக அறுத்து வளையம் வைக்கும்போது மரத்தின் குறுக்கு வெட்டு முகமும் குறுக்கு வெட்டு முகமும் ஒட்டுகின்றன. அந்த முகம் முழுக்க நுண்குழல்தான், பசையைக் குடித்துவிடும். மேலே தடவியது உள்ளே போய்விட, ஒட்ட வேண்டிய இடம் வறண்டு நிற்கும். அதற்கு மேல் துளைக்கும்போது சூடு, அதிர்ச்சி. மெல்லிய எபாக்ஸிப் பசை ஒரு பூச்சு இரண்டு முகத்திலும் தடவி, அது குடித்து அடங்கிய பிறகு இரண்டாம் பூச்சு தடவி ஒட்டுங்கள். மெதுவாக இறுகும் எபாக்ஸியாக இருக்கட்டும், ஒரு நாள் முழுக்க விடுங்கள். கிளாம்பைக் கண்மூடித்தனமாக முறுக்கினால் பசை முழுக்கப் பிதுங்கிவிடும், அதுவும் ஆகாது.

துளை போடும்போது ஒரு செ.மீ. இறங்கியதும் பிட்டை முழுசாக வெளியே எடுத்துத் தூளைக் கொட்டுங்கள். பிட் தொட்டால் சுடுகிறது என்றால் உள்ளே பசை இளகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

மினுங்கலுக்கு, குழாயை ஒட்டுவதற்கு முன் கறுப்பு பெயின்ட் அடித்துவிடுங்கள். மேப்பிள் மாதிரி வெளிறிய மரமென்றால் அதே நிறத்தில் அடிக்கலாம். ஒட்டில் மயிரிழை இடைவெளி இருந்து அதில் சூப்பர் க்ளூ நிரம்பினால் அது கண்ணாடி ஜன்னல் மாதிரி, பின்னால் இருப்பதை அப்படியே காட்டும்.


தச்சர்மகள்

அழுக்கு விஷயம் நான் சொல்கிறேன். அது ஈட்டியின் தூள். உப்புத்தாள் அந்தத் தூளை எடுத்து மேப்பிளின் துளைகளுக்குள் அரைத்து ஏற்றுகிறது. கருங்காலி, படாக் எல்லாம் இதைவிட மோசம். பித்தளை, அலுமினியம் வளையம் வைத்தால் உலோகத்தூளும் இதே வேலையைச் செய்யும், சாம்பல் நிறத்தில்.

ஈரத்துணியிலோ ஸ்பிரிட்டிலோ துடைத்துப் பார்க்கலாம் என்று தோன்றும். வேண்டாம். ஈட்டி, படாக் இரண்டின் நிறமும் ஆல்கஹாலில் கரையும். தூளாக இருந்ததைச் சாயமாக்கி நீங்களே உள்ளே இறக்குவீர்கள்.

நான் செய்வது: கடைசி அளவுக்கு 0.2 மி.மீ. இருக்கும்போது நிறுத்தி, மெல்லிய சூப்பர் க்ளூ ஒரு கை பூசி மேப்பிளின் துளைகளை அடைத்துவிடுவேன். பிறகு நன்றாகத் தீட்டிய சாய்வு உளியால் கடைசிச் சீவல். உளி சரியாகச் சீவினால் 320-லிருந்தே உப்புத்தாள் தொடங்கலாம். 120 போட வேண்டியிருக்கிறது என்றால் தப்பு உளியில். ஒவ்வொரு நம்பர் முடிந்ததும் லேத்தை நிறுத்தி, பேனாவின் நீளவாக்கில் இரண்டு இழுப்பு இழுத்து, ஊதிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

இன்னொன்று. வளையத் துண்டின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது? கட்டையின் ரேகைக்குக் குறுக்காக இருந்தால் வளையத்தை ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வைக்காதீர்கள். மரம் ரேகைக்குக் குறுக்கேதான் சுருங்கி விரியும், நீளவாக்கில் அநேகமாக அசையாது. தடித்த குறுக்கு வளையம் சில மாதத்தில் லேசாக முட்டை வடிவாகிவிடும். விரலால் தடவினால் திட்டுத் தெரியும், சில சமயம் வெடிப்பே விடும்.


மரத்தூள்

நன்றி அண்ணா, நன்றி அக்கா. ஈட்டி குறுக்காகத்தான் வைத்திருந்தேன், 4 மி.மீ. இப்போதைக்கு வெடிக்கவில்லை. காத்திருக்கிறேன்!

0.7 கணக்கைப் பார்த்ததும் பகீர் என்றது. முப்பது பேனா கடைந்தும் ஒரு தடவைகூட அளந்து பார்த்ததில்லை. சரி, கெல்டிக் முடிச்சுக்கு இதெல்லாம் எப்படிப் பொருந்தும்? காணொளிகளில் சாய்த்து அறுத்து, ஒரு பட்டையைச் சொருகி, திருப்பி, மறுபடி அறுக்கிறார்கள். நாலு தடவை செய்தால் பின்னல் வருகிறது. ஏன் வருகிறது என்றுதான் புரியவில்லை.


அரைமில்லி

இதற்காகவே காத்திருந்தேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மெழுகுவர்த்தியில் காகிதத்தை இறுகச் சுற்றிக் கத்தியால் சாய்வாக வெட்டுங்கள். வெட்டுமுகம் நீள்வட்டமாக இருக்கும். இப்போது காகிதத்தை விரித்தால் ஓரம் அலையாக வளைந்திருக்கும், அச்சு அசலான சைன் அலை. உளிமுனை சொன்ன தோல் என்பது இந்தக் காகிதம்தான். கட்டைக்குள் நீங்கள் சொருகுவது தட்டையான பட்டை. தோலில் அது அலையாகத் தெரிகிறது. கட்டையை 90 பாகை திருப்பி அதே இடத்தில் மறுபடி அறுத்தால் இரண்டாவது அலை, முதல் அலையிலிருந்து கால் சுற்று தள்ளி வரும். நாலு வெட்டுக்கு நாலு அலை. ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஓடுவதைத்தான் கண் பின்னல் என்று எடுத்துக்கொள்கிறது.

அலையின் உயரம், அதாவது பேனாவின் நீளத்தில் முடிச்சு பிடிக்கும் இடம், முடிந்த விட்டத்தையும் சாய்வையும் பொறுத்தது. விட்டத்தை, வெட்டுக்கும் அச்சுக்கும் உள்ள கோணத்தின் டேன்ஜென்ட்டால் வகுத்தால் போதும். 10 மி.மீ. பேனாவுக்கு 45 பாகையில் அறுத்தால் முடிச்சு 10 மி.மீ. 30 பாகையில் 17 மி.மீ. ஸ்லிம்லைன் குழாய் ஒவ்வொன்றும் 53 மி.மீ. அளவில்தான் இருக்கும் என்பதால் 30 பாகை கண்ணுக்கு அழகாக உட்காரும். பல ரம்பங்களின் கோணமானியில் நேர்க்குறுக்கு வெட்டைத்தான் பூஜ்யம் என்று போட்டிருப்பார்கள். அதில் 60-ல் வைத்தால்தான் நாம் சொல்லும் 30. முதல் தடவை நான் இதில்தான் ஏமாந்தேன், குட்டை குட்டையாக முடிச்சு வந்தது.

இப்போது முக்கியமான இடம். சொருகும் பட்டையின் தடிமன், பிளேடு தின்கிற அகலத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். பிளேடு 2.4 மி.மீ. மரத்தைத் தின்றால் 2.4 மி.மீ. பட்டை. அப்போதுதான் கட்டையிலிருந்து போனதும் உள்ளே வந்ததும் சரிக்குச் சரி, முன்பு வைத்த பட்டைகள் இருந்த இடத்திலேயே இருக்கும். பட்டை 0.3 தடிமனாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெட்டின் இரண்டு பக்கத் துண்டுகளும் அவ்வளவு விலக வேண்டும். 30 பாகைச் சாய்வில் அந்த விலகல் அச்சின் நீளத்தில் இரட்டிப்பாகி 0.6 மி.மீ. ஆகிவிடும். முன்பு வைத்த அலையின் ஒரு பாதி 0.6 தள்ளி நிற்கும். தோலில் இதைவிடப் பச்சையாகத் தெரியும் தப்பு கிடையாது. பட்டையை முதலில் தேய்த்துவிட்டு வெட்டுக்குப் போகாதீர்கள். வீண் கட்டையில் ஒரு வெட்டுப் போட்டு, அந்தப் பள்ளத்தில் கை அழுத்தத்தில் இறங்குகிற அளவுக்குப் பட்டையைத் தேயுங்கள்.

அடுத்தது, கட்டை சரியான சதுரமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் 19, மறுபக்கம் 18.5 என்றால் திருப்பும்போது கட்டையின் நடு 0.25 நகரும். 30 பாகையில் அது நீளவாக்கில் 0.4 ஆகத் தெரியும். கட்டையின் தலை ஸ்டாப்பில் (ஒவ்வொரு வெட்டும் அதே இடத்தில் விழ வைக்கிற தடுப்பு) முட்ட வேண்டும், தலையும் செங்குத்தாக இருக்க வேண்டும், நாலு முகத்துக்கும் 1, 2, 3, 4 என்று பென்சிலில் எழுத வேண்டும். மூன்றாவது ஒட்டுக்குப் பிறகு எந்த முகம் எது என்று சத்தியமாக மறந்துபோகும்.

முழுசாக அறுத்து இரண்டு துண்டாக்காதீர்கள். கடைசி ஒரு மி.மீ. விட்டு நிறுத்துங்கள். அந்த மெல்லிய சவ்வு இரண்டு பாதியையும் நேர்கோட்டில் பிடித்து வைத்துக்கொள்ளும். கட்டை 19, பேனா 10, ஆக நாலு பக்கமும் 4.5 மி.மீ. எப்படியும் கடைந்து போகப்போகிறது. சவ்வும் அதோடு போய்விடும்.

கடைசியாகத் துளை. கடையும்போது மரம் சுற்றுவது துளையின் அச்சில். நாலு வெட்டும் சந்திக்கிற புள்ளி வழியாகத் துளை போகவில்லை என்றால் அதுவரை பட்டபாடு வீண். முடிச்சு ஒரு பக்கம் பெருத்தும் மறுபக்கம் சிறுத்தும் வரும். ட்ரில் ஸ்டாண்டைவிட லேத்திலேயே நாலு தாடைச் சக்கில் கட்டையைப் பிடித்துத் துளைப்பது நம்பகமானது. கட்டையை ஒரு செ.மீ. நீளமாக வைத்துக்கொண்டு, மறுபக்கம் வெளியே வராமல் நிறுத்திவிட்டு, மீதியை அறுத்துவிடுங்கள். ஓரம் சிதறாது.

இவ்வளவு சின்னக் கட்டையை இவ்வளவு சாய்வில் அறுக்கும்போது விரலால் பிடிக்கவே கூடாது. சறுக்குப் பலகை ஒன்று செய்து, கட்டையை அதில் கிளாம்ப் போட்டு அறுங்கள்.


கருங்காலி

அரைமில்லி, அருமை. ஆனால் எதிர்த்துப் பேச ஒருவராவது வேண்டுமே என்பதற்காகச் சொல்கிறேன். பேனா கடைகிற எல்லாரும் ஒரு தடவை விழுந்து எழுகிற குழி இந்த கெல்டிக் முடிச்சு. முதல் முடிச்சைப் பார்த்து வாய் பிளப்போம். பத்தாவதைப் பார்க்கும்போது மரம் எங்கே என்று தேடுவோம். ரேகை நன்றாக ஓடுகிற ஈட்டியில் அரை மில்லி வெள்ளைக்கோடு இரண்டு போட்டால் போதும். கோடு ரேகையைக் காட்ட வேண்டும், மறைக்கக் கூடாது.

பல வண்ணத்தில் நாலு பட்டை வைத்து, நடுவில் அலுமினியமும் வைத்து, மேலே நீலக்கல் தூளும் நிரப்பிய ஒரு பேனாவை என்னிடமே ஒருவர் காட்டினார். நான் "கனமா இருக்கே" என்று மட்டும் சொன்னேன்.


அரைமில்லி

உங்கள் ரசனையோடு சண்டை இல்லை. ரேகை ஓடுகிற மரத்தில் முடிச்சு வீண்தான். அதனால்தான் நான் ரேகையே இல்லாத மேப்பிள், ஹாலி மாதிரி மரத்தில் மட்டும் செய்கிறேன். அங்கே மறைப்பதற்கு எதுவும் இல்லை.

பல வண்ணம் வைக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். கடைசியாக வைத்த பட்டைதான் எங்கும் அறுபடாமல் ஓடும். முதலில் வைத்ததை மற்ற மூன்றும் வெட்டியிருக்கும். உண்மையான பின்னலில் ஓர் இழை மேலே, அடுத்த இடத்தில் கீழே என்று மாறி மாறிப் போகும். இதில் அது நடப்பதில்லை. நாலும் ஒரே நிறமாக இருந்தால் கண் தானே நிரப்பிக்கொள்ளும். நிறம் மாறினால் எது மேலே என்று பளிச்சென்று தெரியும். எந்த நிறம் முந்தித் தெரிய வேண்டுமோ அதைக் கடைசியில் வையுங்கள்.


நிப்புநேசன்

நான் கடைகிறவன் இல்லை, வாங்கி எழுதுகிறவன். வெறும் வாசகன் என்று துரத்திவிடாதீர்கள். மரக் கட்டையில் நல்ல கறுப்பு எப்படிக் கொண்டு வருகிறார்கள்? சில பேனாக்களில் ரேகையும் தெரிகிறது, மை மாதிரி கறுப்பாகவும் இருக்கிறது. அது கருங்காலி மரம் இல்லை என்று மட்டும் தெரியும்.


உளிமுனை

மை மாதிரி என்று சரியாகச் சொன்னீர்கள், அது மையேதான். எஃகுக் கம்பளித் துண்டை வினிகரில் ஒரு வாரம் ஊறப்போட்டு வடிகட்டினால் இரும்பு கரைந்த தண்ணீர் கிடைக்கும். அதை ஓக் மரத்தில் தடவினால் கண்ணெதிரே கறுக்கும். ஓக்கில் இருக்கிற டானின் என்ற துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்து கறுப்பாகின்றன. கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் போட்டு மை காய்ச்சுவார்களே, அதே வேதியியல். ஃபவுண்டன் பேனாக்காரர்கள் அயர்ன் கால் மை என்று ஊற்றுவதும் இந்த வகைதான்.

மேப்பிளில் டானின் குறைவு, சும்மா தடவினால் சாம்பல் பூத்தது மாதிரிதான் வரும். கடுக்காய்ப் பொடியைக் கொதிக்க வைத்து ஆற விட்டு, வடிகட்டி, அந்தத் தண்ணீரை முதலில் தடவிக் காய விட்டு, பிறகு இரும்புத் தண்ணீர் தடவினால் கறுக்கும்.

மறக்கக் கூடாதது, கறுப்பு அதிக ஆழம் இறங்காது. எல்லா உப்புத்தாளும் முடிந்த பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். தண்ணீர் பட்டால் மரத்தில் மயிர் எழும்பும். அதனால் முன்கூட்டியே வெறும் தண்ணீர் தடவி, எழும்பிய மயிரை 400-ல் தேய்த்துவிட்டுக் கறுப்புக்குப் போங்கள். அதன் பிறகு உப்புத்தாள் தொட்டால் வெளுத்த திட்டு விழும்.


தச்சர்மகள்

இதே வேதியியல் வேண்டாத இடத்தில் வந்து என் பேனா ஒன்றைக் கெடுத்த கதை இருக்கிறது. ஓக் பேனா, யாருக்கோ பரிசு, மறுநாள் கொடுக்க வேண்டும். பளபளப்புக்காகத் தண்ணீர் போட்டு நுண்தாள் தேய்த்தேன். இரண்டு ஓரத்திலும் நீலக்கறுப்பு வளையம். மசகு என்று நினைத்துத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. எஃகு புஷ்ஷிங்கிலிருந்து வந்த இரும்பு, தண்ணீர், ஓக்கின் டானின், மூன்றும் சேர்ந்து நான் கேட்காமலே மை காய்ச்சியிருக்கின்றன. பிறகு இரவோடு இரவாக ஓரத்தில் தீக்கோடு போட்டு, அது வேண்டுமென்றே செய்ததுதான் என்று கொடுத்துவிட்டேன். வாங்கியவருக்கு இன்றுவரை தெரியாது.

அதிலிருந்து கடைசித் தேய்ப்புக்கும் பாலிஷுக்கும் எஃகைக் கழற்றிவிட்டுப் பிளாஸ்டிக் கூம்புகளில்தான் பிடிக்கிறேன். சூப்பர் க்ளூவும் அதில் ஒட்டுவதில்லை.


மரத்தூள்

தீக்கோடு எப்படி அக்கா?


தச்சர்மகள்

எளிது, ஆனால் விரலைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். சாய்வு உளியின் நுனியால் ஒரு கீறல். ஆழம் 0.2, 0.3 போதும், 0.7 தோல் என்பது ஞாபகம் இருக்கட்டும். மெல்லிய எஃகுக் கம்பி, கிட்டார்க் கம்பி கிடைத்தால் நல்லது. இரண்டு முனையிலும் ஒரு மரக்குச்சியைக் கட்டிப் பிடிக்க வேண்டும். விரலில் சுற்றிப் பிடிக்கவே கூடாது. லேத் அதை இழுத்துக்கொண்டால் கம்பியோடு விரலும் போகும். வேகத்தைக் கூட்டி, 2500 சுற்றுக்கு மேல் வைத்து, கம்பியைக் கீறலில் மேலிருந்து அழுத்துங்கள். கொஞ்ச நேரத்தில் புகை வரும், புகை வந்ததும் எடுத்துவிடுங்கள். இன்னும் கறுப்பாகட்டும் என்று அழுத்தினால் கோடு அகன்று மங்கிவிடும்.

வெளிறிய மரத்தில்தான் இது எடுபடும். ஈட்டியில் போட்டால் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். எண்ணெய்ப்பசையுள்ள மரத்தில் சரியாகக் கருகவும் கருகாது. அகலமான கோடு வேண்டுமென்றால் லேமினேட் துண்டின் ஓரத்தை அழுத்தியும் கருக்கலாம்.

மேலே பளபளப்புப் பூச்சு போடுவதற்கு முன் கோட்டுக்குள் இருக்கும் கரியை ஒரு பழைய பல்துலக்கியால் தட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் பூச்சே கரியைப் பரப்பிவிடும்.


கருங்காலி

பளபளப்புப் பூச்சு என்று நீங்கள் சொல்வது சூப்பர் க்ளூ. சரி, ஆரம்பிக்கலாமா? மரத்தைத் தேடி எடுத்து, கடைந்து, அதன் மேல் பிளாஸ்டிக்கை ஊற்றி மூடிவிட்டு "மரப்பேனா" என்கிறோம். எண்ணெயும் மெழுகும் போட்ட பேனா கையில் சூடேறி வருகிற சுகம் அதில் உண்டா?


உளிமுனை

இந்தச் சண்டை இல்லாமல் ஓர் உரையாடல் இழை முடிந்ததாகச் சரித்திரம் இல்லை.

ஒரே வகை மரமென்றால் எண்ணெய் போடுங்கள், நானும் போடுவேன். அலங்காரம் வைத்த பேனாவில் நிலைமை வேறு. தோலில் ஐந்தாறு ஒட்டு இருக்கிறது, ஒவ்வொரு துண்டும் கைவியர்வையைக் குடித்து ஒவ்வொரு அளவில் அசையும். கொஞ்ச நாளில் ஒட்டுக்கோடு விரலுக்குத் தட்டுப்படும். அரக்கு கலந்த உரசல் பாலிஷ் முதல் நாள் கண்ணாடி மாதிரி இருக்கும், தினம் எழுதுகிற கையில் சீக்கிரமே தேய்ந்து மங்கிவிடும். சூப்பர் க்ளூ தோலை மொத்தமாக அடைத்துவிடுகிறது. அழகு கொஞ்சம் போகிறது என்று ஒப்புக்கொள்கிறேன், வேலை நிற்கிறது.

மரத்தூளுக்காக: எட்டு, பத்து மெல்லிய பூச்சு, காகிதத் துண்டில் தடவுங்கள். துணி கூடாது, அதிலும் பருத்தித் துணியில் இந்தப் பசை நிறைய ஊறினால் சூடேறிப் புகையும், கை வெந்துவிடும். சீக்கிரம் இறுகட்டும் என்று ஸ்ப்ரேயைப் பக்கத்தில் வைத்து அடித்தால் பூச்சு வெள்ளையாகப் பூத்துக் குமிழி விடும். ஓரடி தள்ளி, லேசாக ஒரு தடவை போதும். பிறகு நுண்தாள், 1500-லிருந்து 12000 வரை ஒன்பது நம்பர், ஒன்றையும் தாண்டாமல். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், ஆவி கண்ணைக் கடிக்கும். ஆலிவ் மாதிரி எண்ணெய் மரத்தில் பூச்சுக்கு முன் அசிட்டோனால் ஒரு தடவை துடையுங்கள், இல்லாவிட்டால் பின்னால் செதிலாக உரியும்.


நிப்புநேசன்

எழுதுகிறவன் தரப்பிலிருந்து ஒரு வாக்கு: பிடிக்கிற இடத்தில் கண்ணாடிப் பளபளப்பு வழுக்குகிறது. கீழ்ப்பாதியைக் கொஞ்சம் மங்கலாக விட்டால் கை உங்களை வாழ்த்தும்.

பூச்சு என்றதும் ஜப்பானிய மாக்கி-யே என்ற கலை நினைவுக்கு வருகிறது. ஈர அரக்கின் மேல் தங்கத்தூளைத் தூவி ஓவியம் வரைகிற வேலை. நமிக்கி நிறுவனம் எபோனைட் (கடின ரப்பர்) பேனாக்களில் அதைச் செய்து, 1930-ல் இங்கிலாந்தின் டன்ஹில்லோடு ஒப்பந்தம் போட்டு வெளியுலகத்துக்குக் கொண்டு போனது. மரத்தில் இதை யாராவது முயன்றீர்களா?


உளிமுனை

மாக்கி-யேவுக்கு உதவுகிற உருஷி அரக்கை ஒரு தடவை தொட்டேன், அதோடு சரி. அது மற்ற பூச்சு மாதிரி உலர்ந்து இறுகுவதில்லை. ஈரப்பதம் இருந்தால்தான் இறுகும், அதற்கென்று ஈரமான பெட்டி வைக்க வேண்டும். தோலில் பட்டால் சேராங்கொட்டை பட்ட மாதிரி தடித்து அரிக்கும், இரண்டும் ஒரே குடும்பத்து மரங்கள். என் முழங்கை இரண்டு வாரம் வீங்கிக் கிடந்தது.

அதைவிட நம் கைக்கு எட்டுவது அரக்குக் கடைசல். நிறம் கலந்த அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தில் அழுத்தினால் உரசல் சூட்டில் உருகிப் படியும், தாழை மடலால் தேய்த்து மெருகேற்றுவார்கள். பொம்மைகளில் பார்த்திருப்பீர்கள். பேனாவின் மேல்பாதிக்கு ஒரு சிவப்புப் பட்டை அப்படிப் போட்டால் எந்த முடிச்சும் கிட்டே நிற்காது. சூடும் ஸ்பிரிட்டும் அதற்கு ஆகாது, சட்டைப்பையில் வெயிலில் திரிகிறவருக்குக் கொடுக்காதீர்கள்.


மரத்தூள்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். கணக்கு: மேப்பிள் கட்டை நாலு, ஈட்டிப் பட்டை பதினாறு.

முதல் கட்டையில் பட்டை 0.2 தடிமன் அதிகம். அரைமில்லி சொன்னபடியே அலை பாதியில் முறிந்து நின்றது. இரண்டாவதில் கோணமானியைப் பார்த்து அவர் ஏமாந்த அதே இடத்தில் நானும் ஏமாந்தேன், எச்சரித்த பிறகும். மூன்றாவது துளையில் போனது. பிட் சுட்டது, நான் நிறுத்தவில்லை. நாலாவது பேனாவாகிவிட்டது, படம் இணைத்திருக்கிறேன். குழாய்க்குப் பெயின்ட் அடித்தேன், மினுங்கல் இல்லை. தூள் அழுக்கும் இல்லை. முடிச்சுக்கு இரண்டு பக்கமும் ஒரு தீக்கோடு. கீழ்ப்பாதி மங்கல், நிப்புநேசனுக்காக.

ஒரே ஒரு குறை. நாலு அலையில் மூன்று ஒரே உயரத்தில் நிற்கின்றன, ஒன்று மட்டும் ஒரு மயிரிழை மேலே ஏறியிருக்கிறது. பட்டையின் தடிமன் சரி, கட்டை நாலு பக்கமும் 19.0, துளையும் நடுவில். என்ன விட்டேன் என்று புரியவில்லை.


கருங்காலி

முடிச்சு என்று குறை சொல்லியிருப்பேன், ஆனால் மேப்பிளைத் தேர்ந்தெடுத்து வாயை அடைத்துவிட்டீர்கள். தீக்கோட்டோடு பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.


அரைமில்லி

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஏறியிருக்கிற அலையைப் பின்னால் வந்த ஒன்று மட்டும் வெட்டிப் போகிறது, ஆக அது மூன்றாவது வெட்டு. அந்தத் தடவை மட்டும் கட்டையின் தலை ஸ்டாப்பில் முழுசாக முட்டவில்லை. நடுவே அறுத்த தூள் சிக்கியிருக்கும். ஒவ்வொரு வெட்டுக்கு முன்னும் ஸ்டாப்பை பிரஷ்ஷால் தட்டினீர்களா?


மரத்தூள்

முதல் இரண்டுக்குத் தட்டினேன். இப்போது போய்ப் பார்த்தேன், ஸ்டாப்பின் மூலையில் ஒரு சிட்டிகை அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது.


கருங்காலி

பெயரை மாற்றிக்கொள்ளுங்கள் தம்பி.